மாமியார் போடாத தையல்

என் நாத்தனார் வீட்டு ஹாலில் என் கைவேலை என் மாமியார் பெயரில் தொங்கிக்கொண்டிருந்தது. தடித்த பொன்நிறச் சட்டம், மேலே கண்ணாடி, கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும், சுற்றிலும் பிளாஸ்டிக் மல்லிகை மாலை. பக்கத்திலேயே மாமியாரின் போட்டோ. இரண்டுக்கும் நடுவில் ஒரு சிவப்பு பல்பு எரிந்தது.

மாமியார் இறந்து மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும். சம்பா அறுவடை முடிந்து, புது அரிசி மூட்டையை நாத்தனாருக்குக் கொடுக்க நானும் கணவரும் தஞ்சாவூர் போயிருந்தோம். நாத்தனார் என் கணவருக்குத் தங்கை. நாற்பது வயது தாண்டியும் வீட்டில் எல்லோருக்கும் அவள் 'பாப்பா'தான். நானும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் சொந்த வீடு. எங்கள் ஊரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் அவள் வாசலில் இறங்கிவிடலாம். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஒருவர் சோபாவில் உட்கார்ந்து அந்தச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நுணுக்கமா இருக்கு! யாரு போட்டது?" என்றார்.

"எங்கம்மா போட்டது டீச்சர். படுத்த படுக்கையா இருந்தப்ப எனக்குன்னு போட்டாங்க. கை நடுங்கும். அப்பவும் ஊசிய விடமாட்டாங்க" என்றாள் பாப்பா. சொல்லும்போது அவளுக்குக் கண்கூடக் கலங்கியது. நான் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கை நடுங்கியது உண்மைதான். கஞ்சி டம்ளரைப் பிடிக்க முடியாமல் பாதியை என் புடவையில் கொட்டிய கை அது. அந்தக் கையில் என் ஊசியைத் திணித்து, என் நூலைக் கோத்து, ஒரு கதையும் பண்ணி, கதைக்கு மாலையும் போட்டுவிட்டாள். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. என் கணவர் செல்போனை எடுத்து, வராத மெசேஜைப் படிக்க ஆரம்பித்தார்.

அதை நான் போட்ட விதத்தைச் சொல்லியாக வேண்டும். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு மேல் படுக்கை. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, புண் வராமல் புரட்டிப் போடுவது எல்லாம் நான். கட்டிலின் கால்மாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தேன். அவர் தூங்கினாலும் எழுந்து போக முடியாது, விழித்ததும் நான் கண்ணில் படாவிட்டால் ஊரே கேட்கிற மாதிரி கத்துவார். அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

மயிலாடுதுறையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் கிராஸ் ஸ்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். மேட்டித் துணி என்று கட்டம் கட்டமாக நெய்த துணி ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கல் குறி போல ஒரு தையல். தூரத்திலிருந்து பார்த்தால் படம், கிட்டே போனால் வெறும் பெருக்கல் குறிகள். கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டு அன்னம் போட்டு எடுத்து வந்தேன். அதை மாமியார் மிக்ஸிக்கு மூடு துணி ஆக்கினார். அதற்குப் பிறகு நான் ஊசியைத் தொட்டது அந்த நாற்காலியில்தான்.

அன்னமும் கிளியும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். எதிரே என்ன தெரிகிறதோ அதைப் போடலாம் என்று கிராப் தாளில் நானே வரைந்தேன். ஜன்னலுக்கு வெளியே எங்கள் வாய்க்கால், வாய்க்காலை ஒட்டி வரப்பு, நட்டு முடித்த வயல், அதில் கொக்குகள், ஓரத்தில் மோட்டார் கொட்டகை, சாய்ந்து நிற்கிற கரண்டு கம்பம். கம்பத்தை நேராக்கிவிடலாமா என்று யோசித்துவிட்டு, சாய்த்தே போட்டேன். நட்ட வயலுக்குப் பச்சை ஒன்று போதாது. தண்ணீரில் தெரிகிற பச்சை வேறு, முனைப் பச்சை வேறு, வெயில் விழுந்த பச்சை வேறு. மன்னார்குடியில் கடை கடையாக ஏறி நூல் வாங்கினேன்.

மாமியாருக்கு அது ஆகவே ஆகாது. "ஊசியப் புடிச்சிக்கிட்டு குந்தியிருக்கற நேரத்துக்கு ஒரு மூட்டை நெல்லு அவிச்சிருக்கலாம்" என்பார். விழுந்த வாயிலிருந்து பாதிதான் வரும். வசவு மட்டும் முழுசாக வந்துவிடும். காட்டினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அவருக்கு அந்த ஜன்னல் தெரியாது. இது முக்கியம், அதனால் தெளிவாகச் சொல்கிறேன். அறை குறுகல். கட்டிலைக் கிழக்கு மேற்காகப் போட்டால் கதவு திறக்காது. தெற்கு வடக்காகத்தான் போட முடியும். ஜன்னல் இருப்பது தெற்குச் சுவரில். வெளியே பார்த்துக்கொண்டு படுத்தால் அவருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்குமே என்று கட்டிலைத் திருப்பிப் போட ஒருமுறை கேட்டேன். வடக்கே தலை வைப்பதா, என்னை இன்றைக்கே அனுப்பி வைக்கப் பார்க்கிறாயா என்று அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஆக, தலைமாடு தெற்கே, ஜன்னலுக்குக் கீழே. வயல் அவருடைய தலைக்குப் பின்னால். கால்மாட்டு நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு மட்டும்தான் அது தெரியும்.

பாப்பா வருவாள். மாதம் ஒருமுறை, சில மாதம் அதுவும் இல்லை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்துவிட்டு, மூக்கருகே முந்தானையை வைத்துக்கொண்டு நிற்பாள். "அம்மா, என்னத் தெரியுதா?" என்று கேட்டு அழுவாள். பிள்ளைக்கு டியூஷன், பஸ் கூட்டம், வெயில் என்று ஏதாவது சொல்லிவிட்டுக் காபி ஆறுவதற்குள் கிளம்பிவிடுவாள். போகும்போது என் மடியிலிருக்கும் துணியைப் பார்த்து, "அட, நல்லா வருதே அண்ணி" என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. அதனால்தான், அவளுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஐப்பசியில் மாமியார் போய்ச் சேர்ந்தார். தையல் அதற்குச் சில நாள் முன்னால்தான் முடிந்திருந்தது. என் பெயரை மட்டும் இன்னும் போடவில்லை. அலசி, நிழலில் காயவைத்து, மடிப்பு எடுத்த பிறகு நிதானமாகப் போடலாம் என்று கீழ் மூலையைக் காலியாக விட்டிருந்தேன். வீட்டில் எலித் தொல்லை. அதனால் துணியை மாமியாரின் இரும்பு பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். கருமாதி அன்று நான் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருக்க, உள்ளே பீரோவைத் திறந்து புடவை பிரித்திருக்கிறார்கள். எனக்கு ஒரு நூல் சுங்குடி வந்தது. துணி போனது யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தபோது பீரோ, பரண், அரிசி டிரம் என்று தேடாத இடமில்லை. கடைசியில் எலி மேல் பழியைப் போட்டு, எலிப்பொறி வைத்தேன்.

அன்று தஞ்சாவூரிலிருந்து திரும்பும் வழியில், பைக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டே ஆரம்பித்தேன்.

"பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அது நான் போட்டதுதானே? ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதானே? வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"அந்த டீச்சர் முன்னாடி எப்படிச் சொல்றது? அவளும் அழுவுறா. விடேன். அம்மா பேருல இருந்தா என்ன இப்ப? செத்தவங்ககிட்டப் போயி சண்டை போடுவியா?"

அங்கேதான் அவள் கெட்டிக்காரத்தனம் இருந்தது. தானே போட்டதாக அவள் சொல்லியிருந்தால் நடுக்கூடத்தில் வைத்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். செத்துப்போன மாமியாரிடமிருந்து மருமகள் எதையாவது பிடுங்கினால், ஊர் மருமகளைத்தான் காறித் துப்பும். ஏற்கெனவே நான் பார்த்த வேலையெல்லாம் கடமை என்ற கணக்கில் போய்விட்டது. பாப்பா வந்து அழுதது பாசம் என்ற கணக்கில் வந்துவிட்டது. மிச்சமிருந்தது அந்தத் துணி ஒன்று. அதை நான்தான் போட்டேன் என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று ஒரத்தநாடு தாண்டும்போது முடிவு செய்துவிட்டேன். கணவரிடம் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்து அவர் வழியில் டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுபடியும் மேட்டித் துணி வாங்கினேன். அதே அளவு, அதே நூல், அதே கிராப் தாள். இந்த முறை முதல் வேலையாகக் கீழ் மூலையில் என் பெயரைப் போட்டேன். முழுப் பெயர், தமிழில், அடர் சிவப்பில். வயலோ வாய்க்காலோ ஒரு தையல்கூட விழாத வெள்ளைத் துணியில் என் பெயர் மட்டும் பல நாள் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேலை ஓடியது.

காலி அறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து போட்டேன். மனம் அமைதியாவதற்காகத் தையல் போடுகிறவர்கள் இருப்பார்கள். நான் அந்த ஆறேழு மாதமும் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு வசவு வைத்துத்தான் போட்டேன். வாய்க்கால் முழுக்க நாத்தனாருக்கு, வரப்பு கணவருக்கு, கொக்குகள் சொந்தக்காரர்களுக்கு. மோட்டார் கொட்டகையின் கூரை பெரியது, அதை மாமியாருக்கு ஒதுக்கினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதல் தடவையைவிடத் தையல் ஒரே சீராக விழுந்தது. கோபத்தில் கை நடுங்கும் என்பார்கள், எனக்கு நடுங்கவில்லை.

உரமூட்டை அடுக்க அந்த அறை வேண்டும், கட்டிலைத் தூக்கிக் கொட்டகையில் போட்டுவிடலாம் என்றார் கணவர். கூடாது என்றேன். "வருஷத் தெவசம் முடியட்டும்ங்க. அதுவரைக்கும் அத்தை படுத்திருந்த எடம் அப்படியே இருக்கட்டும்." அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரிலும் அதைச் சொல்லிச் சொல்லி மெச்சினார்கள். நான் கட்டிலை வைத்திருந்தது சாட்சிக்கு. தலைமாடு தெற்கே, ஒரு அங்குலம்கூட நகரவில்லை. பெருக்கும்போதுகூடக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பெருக்கினேன்.

ஆவணியில் முடித்தேன். சோப்புத் தூளில் முக்காமல் வெறும் தண்ணீரில் லேசாக அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி, நிழலில் காயவைத்து, பூத்துண்டு மேல் குப்புறப் போட்டுப் பின்பக்கமாக இஸ்திரி போட்டேன். முன்பக்கம் இஸ்திரி போட்டால் தையல் நசுங்கிவிடும். அதை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் போனேன்.

கீழராஜ வீதிப் பக்கம் சாமி படங்களுக்கும் கல்யாணப் போட்டோக்களுக்கும் சட்டம் போடுகிற ஒரு கடை. கடைக்காரர் துணியைப் பார்த்ததும் கோந்து டப்பாவைத் திறந்தார்.

"கோந்து வேண்டாம்ங்க."

"கோந்து போட்டாத்தான் சுருக்கம் இல்லாம நிக்கும், அக்கா. அட்டையில ஒட்டி, கண்ணாடிய வச்சு, நாலு ஆணி. நீங்க ஒரு காபி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்."

"கோந்து மஞ்சளாயிரும்ங்க. கண்ணாடி துணியில ஒட்டுனா மழைக்காலத்துல பூஞ்சை புடிக்கும். நான் தைச்சிக் கட்டித் தரேன், நீங்க சட்டம் மட்டும் போடுங்க."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஒரு ஸ்டூல் கொடுத்தார். பத்தர் வீட்டில் நகை செய்யக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்களே, அப்படி உட்கார்ந்தேன். தடித்த அட்டையில் துணியைப் பரப்பி, வாய்க்கால் நேர்க்கோட்டில் நிற்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து, ஓரங்களைப் பின்னால் மடித்து, முறுக்கு நூலால் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக இழுத்து இழுத்துக் கட்டினேன். முதலில் குறுக்காக, பிறகு நெடுக்காக. கட்டில் கயிறு பின்னுகிற மாதிரிதான். முடித்துத் தட்டிப் பார்த்தபோது தாம்பாளம் மாதிரி விறைப்பாக இருந்தது. சுற்றிலும் வெள்ளை அட்டையில் ஓர் ஓரம் வெட்டி வைத்தால் கண்ணாடி துணியைத் தொடாது. என் பெயரை அந்த ஓரம் மறைக்காமல் இருக்கிறதா என்று மட்டும் நாலு தடவை பார்த்தேன்.

பொன்நிறச் சட்டங்களை வரிசையாக எடுத்துக் காட்டினார். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, மெல்லிய தேக்குச் சட்டம் ஒன்றைப் பொறுக்கினேன். பூ இல்லை, இலை இல்லை. "இது ரொம்ப சாதாரணமா இருக்குமே அக்கா" என்றார். கண்ணைப் பறிக்க வேண்டியது படம், சட்டம் இல்லை என்றேன். மனத்துக்குள் பாப்பா வீட்டுப் பொன்நிறச் சட்டத்தின் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

எங்கே மாட்டுவது என்பதையும் பல நாள் யோசித்து வைத்திருந்தேன். ஹாலில் மேற்குச் சுவரில் மாமனார், மாமியார் போட்டோக்கள். அதற்கு நேர் எதிரே கிழக்குச் சுவர். ஈரம் ஏறாத சுவர், வெயில் நேராக விழாது. அங்கே தொங்கிய உரக்கடைக் காலண்டரைக் கழற்றிவிட்டு, கண் மட்டத்துக்கு மாட்டினேன். உயிரோடு இருக்கும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார் அல்லவா, இனிமேல் ராத்திரி பகல் என்று பார்க்காமல் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று மாமியார் போட்டோவிடம் வாய்விட்டே சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை.

கணவர் வந்து பார்த்தார். "ஏன்டி இப்படிப் பண்ணுற?" என்றார். "என்ன பண்ணேன்? என் வீட்டுச் சுவத்துல என் கைவேலைய மாட்டியிருக்கேன்" என்றேன். எடுத்துவிடு என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

வருஷத் திதி வந்தது. மகன் வீட்டில்தான் செய்ய வேண்டும் என்பதால் எல்லோரும் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். மழை பிடித்திருந்தது, வாசலெல்லாம் செருப்பும் குடையும். பாப்பா காரில் வந்து இறங்கினாள், கையில் ஒரு டர்க்கி டவலில் சுற்றிய சட்டம். படையல் போடும் இடத்தில் அம்மா போட்டோவுக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறாளாம். நான் அவள் கொண்டுவருவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். கொண்டுவராமல் இருந்திருந்தால் நானே கார் வைத்துப் போய் எடுத்து வந்திருப்பேன்.

"வா பாப்பா" என்றேன், வாய் நிறைய.

டவலை விலக்கிச் சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஒரு வருஷத்தில் அதற்கு வந்த கதியை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். கோந்து மஞ்சளாகத் திட்டுத் திட்டாக மேலே வந்திருந்தது. கண்ணாடியில் ஒட்டிய இடமெல்லாம் பழுப்புப் புள்ளிகள். துணியைக் கோணலாக ஒட்டியிருந்ததால் வாய்க்கால் மேட்டுக்கு ஏறியது. நான் பார்த்துப் பார்த்துப் போட்ட கொக்கு ஒன்றின் மேல் பூஞ்சை படர்ந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. அதற்கும் மேலே, அவளுக்கு வேண்டும் என்ற சந்தோஷமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு இலை துடைத்தேன்.

அவள் நிமிர்ந்தபோதுதான் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அவளோடு சேர்ந்து வீடே பார்த்தது.

மாமனாரின் தம்பி மனைவி, என் சின்ன மாமியார், கூட்டத்தில் பெரியவர். மனதில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுவார். அவரைத்தான் நான் எதிர்ச் சுவருக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தேன்.

"என்னடி இது, அதே மாதிரி இன்னொண்ணு? அக்கா ரெண்டு போட்டாங்களா?"

"ஆமா சின்னத்தை" என்றேன். "ஒண்ணு உசுரோட இருக்கும்போது போட்டாங்க. இன்னொண்ணு செத்தப்பறம் போட்டாங்க."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். சின்ன மாமியார் எழுந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். கீழ் மூலையில் என் பெயரை எழுத்துக் கூட்டி வாய்விட்டு வாசித்தார். பிறகு அறைக்குள் போனார். போவார் என்று எனக்குத் தெரியும். நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். வெளியே வந்து, நடு ஹாலில் நின்றுகொண்டு சொன்னார்:

"அக்காவுக்குத் தலைமாட்டுலல்ல ஜன்னல் இருக்கு? கொண்டையிலயா கண்ணு இருந்துச்சு, வயலப் பாத்துப் பாத்து போடறதுக்கு?"

என் கணவர் திதி கொடுக்க வந்த ஐயருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு நகர்ந்தார். பாப்பாவின் முகம் மாமியார் முகம் மாதிரியே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. படையலில் அவள் சட்டத்தை யாரும் வைக்கவில்லை. டவலோடு அது சுவரோரம் கிடந்தது, வந்தவர்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். அன்று நான் போட்ட பந்தியில் பாயசம் அமிர்தமாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

சாயங்காலம் ஜனம் கலைந்தது. கொல்லையில் நான் பாத்திரம் ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பாப்பா வந்து கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். பதில்கள் தயாராக இருந்தன, ஒரு வருஷத்துப் பதில்கள்.

"அது நீங்க போட்டதுதான் அண்ணி. எனக்குத் தெரியும்" என்றாள்.

கையில் இருந்த கரண்டியை வைத்தேன். இதற்காகத்தானே இத்தனையும். ஆனால் அவள் நிறுத்தவில்லை.

"பீரோவில பாத்தப்பவே தெரியும். அம்மா எனக்குன்னு ஒண்ணுமே எடுத்து வைக்கல அண்ணி. புடவை கூட பங்கு போட்டுத்தான் வந்துச்சு. நானும் வந்து பாக்கல. அந்த நாத்தம் எனக்கு ஆவல, அம்மா அப்படிக் கெடக்கறதப் பாக்க முடியல, அதான் ஓடிப்போயிருவேன். யாராச்சும் அம்மா ஒனக்கு என்ன குடுத்தாங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது? ஒருநாள் வாயில வந்திருச்சு. அப்பறம் அதையே சொல்லிக்கிட்டிருந்தேன்." மூக்கைச் சிந்தினாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க அண்ணி. கடைசியில அம்மா என்னத் தேடுனாங்களா?"

தேடினார். கடைசி ஒரு மாதம் வேறு வேலையே இல்லை அவருக்கு. புத்தி கலங்கி, என்னைப் பார்த்து, "பாப்பா, வந்துட்டியா" என்பார். நான் பாப்பா இல்லை என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன். சாப்பிடாமல் அழுதார். மூன்றாம் நாள், "வந்துட்டேம்மா" என்றேன். வாயைத் திறந்து கஞ்சியை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் போகும்வரை அந்த வீட்டில் மருமகள் என்று ஒருத்தி இல்லை. துடைத்துவிட்டவள், புரட்டிப் போட்டவள், நெற்றியைத் தடவித் தூங்க வைத்தவள் எல்லாம் பாப்பாதான். ஒருநாள் என் மடியிலிருந்த துணியை நல்ல கையால் இழுத்து, நட்ட வயலின் மேல் விரலை வைத்துத் தடவினார். "நல்லாப் போட்டிருக்க பாப்பா" என்றார். அந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் என் கைவேலையை அவர் மெச்சியது அந்த ஒருமுறைதான். அதையும் அவளுக்குத்தான் கொடுத்தார். மகள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று நம்பி, என் கையைப் பிடித்துக்கொண்டேதான் செத்தார்.

சொல்லியிருந்தால் பாப்பா அங்கேயே மண்ணில் விழுந்து அழுதிருப்பாள். அழுது முடித்து, மனசு லேசாகி, நிம்மதியாகக் கார் ஏறியிருப்பாள். பிறகு அதையும் டீச்சரம்மாவிடம் சொல்லியிருப்பாள்.

"இல்ல பாப்பா" என்றேன். "யாரையும் தேடல. தூக்கத்துலயே போயிட்டாங்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் விட்ட இடத்திலிருந்து பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தேன்.